கட்டம் நாற்பத்தொன்று

முதல் கடிதத்தை ஜிப்பக்கா தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். உறையின் மேல் 'மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு' என்று அச்சடித்திருந்தது. அப்படி யாரும் இங்கே இல்லை, மாடியில் கேட்டுப் பாருங்கள் என்றாள். தபால்காரர் மூன்று மாடி ஏறினார். பல் டாக்டர் தனக்கில்லை என்றார். டியூஷன் சென்டர்காரர் தனக்காகத்தான் இருக்கும் என்று ஆசையாக வாங்கி, முகவரியில் 'மாடிப்படிக்குக் கீழே' என்றிருப்பதைப் பார்த்து, மனமில்லாமல் திருப்பித் தந்தார்.

இரண்டாவது கடிதம் 'மனிதவளத் துறைத் தலைவருக்கு' வந்தது. அதுவும் திரும்பிப் போயிற்று. மூன்றாவதைக் கொண்டுவந்தவர்கள் யாரையும் கேட்கவில்லை. ஷட்டரிலேயே பசை போட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தனிநபர் தொழில் நீடிப்பு வாரியம் அதில் சொன்னது இதுதான்: இருபது வருஷத்துக்கு மேல் நடக்கும் தனியாள் நிறுவனங்கள் எல்லாம், தாங்கள் இன்னும் நீடித்து நிற்கும் தகுதி உடையவைதான் என்பதை நிரூபித்து நீடிப்புச் சான்று பெற வேண்டும். சான்று இல்லாவிட்டால் கட்டடக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூடாது. மாதக் கடைசிதான் கெடு. இரண்டு கடிதம் ஊர் சுற்றியதில் இருபத்தாறு நாள்தான் மிச்சமிருந்தது.

கட்டடக்காரர் நல்ல மனிதர். தானே வந்து சொன்னார். "நான் என்னம்மா பண்றது? நீங்க சான்று வாங்கலேன்னா அந்த இடத்துல தண்ணி பாட்டில் விக்கற மெஷின் வைக்கறோம்னு ஒரு கம்பெனி கேக்குது."

"அந்த மெஷினுக்குச் சான்று வேணாமா?"

"அதுக்குப் பின்னாடி ஆளுங்க இருக்காங்களாம்."

மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை என்று சொன்னால் நீங்கள் மனத்தில் ஓர் அளவு நினைப்பீர்கள். அதில் பாதி. உட்கார்ந்தால் தலை தப்பும், எழுந்தால் ஏழாவது படி உச்சந்தலையில் இடிக்கும். ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, ஒரு குறடு, ஒரு துண்டு மெழுகுவத்தி, ஜிப்பை இழுத்து மூடும் ரன்னர்கள், மூன்றாம் நம்பரிலிருந்து பத்தாம் நம்பர் வரைக்கும் போட்ட டப்பாக்கள். ஜிப் பழுதானால் பெரும்பாலோர் பல் போய்விட்டது என்று நினைப்பார்கள். பல் நன்றாகத்தான் இருக்கும், ரன்னர்தான் வாய் தளர்ந்திருக்கும். குறடால் இரண்டு பக்கமும் மெல்ல ஓர் அழுத்து, பல்லின் மேல் மெழுகை ஓர் இழுப்பு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அது வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது. அவளைவிட மூத்தவர்களும் ஜிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதுவும் பை பழுதானால்தான். வந்தவர்கள் பையைப் பற்றிப் பேசினார்கள். இங்கதான் மாட்டிக்குது, இது போன வருஷம் வாங்கினது, எப்பக் கிடைக்கும். நாளொன்றுக்கு அவள் அறுபது வார்த்தை பேசினால் அதில் நாற்பது 'நாளைக்கு வாங்க'வாக இருக்கும்.

வாரியம் நகரத்தின் மறுகோடியில், நடைபாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. நீளமான அறை. பதினாறு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பதவிப் பலகை. முதல் மேசையில் மட்டும் ஒருவர் இருந்தார். 'எழுத்தர்' என்றது பலகை. ஒல்லியான ஆள், ஓய்வுபெற ஒன்றிரண்டு வருஷம் இருக்கலாம். பக்கத்தில் ஒரு தோள்பை, அதன் ஜிப் மூடாததால் நாலு ஊக்கு. ஜிப்பக்கா முதலில் அந்தப் பையைத்தான் பார்த்தாள். எட்டாம் நம்பர்.

கடிதத்தை நீட்டி, முதலிலிருந்து கடைசி வரை விவரம் சொன்னாள். எழுத்தர் பொறுமையாகக் கேட்டார்.

"இது மேற்பார்வையாளர் பாக்கற விஷயம்மா."

"அவர் எங்க சார்?"

"அஞ்சாவது மேசை. இப்ப வந்துருவார், உக்காருங்க."

பேனாவை மூடினார். எழுந்தார். நாலு மேசை தாண்டிப் போய் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அடுத்தவங்க வரலாம்" என்றார்.

அடுத்தவளும் இவள்தான், அதற்கடுத்தவளும் இவள்தான். போய் நின்றாள்.

"சொல்லுங்கம்மா, என்ன விஷயம்?"

"சார், இப்பத்தான உங்ககிட்ட..."

"எழுத்தர்கிட்ட சொல்லியிருப்பீங்க. அவர்கிட்ட சொன்னத அவர் எனக்குச் சொல்லக் கூடாது. அதிகாரிங்க தங்களுக்குள்ள பேசிக்க ஆரம்பிச்சா நேர்மை எங்க நிக்கும்?"

மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். மேற்பார்வையாளர் தலையாட்டி, கொள்கை சம்பந்தப்பட்ட விஷயம் என்று துணை இயக்குநரிடம் அனுப்பினார். துணை இயக்குநரின் மேசை கோடியில் இருந்தது. நாற்காலியின் முதுகில் ஒரு துண்டு விரித்திருந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் அவருடைய நடையே மாறிவிட்டது.

"நீங்க என்ன நினைக்கறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தார் துணை இயக்குநர். "தனியாளாத்தான தொழில் பண்றோம், நமக்கெதுக்கு இதெல்லாம்னு. அங்கதான் எல்லாரும் சறுக்கறாங்க. ஆளு வருவாங்க, போவாங்க. அமைப்புதான் நிக்கும். எங்களையே எடுத்துக்குங்க. ஆரம்பிச்சப்போ பதினாறு பேரு. ஒருத்தர் ஒருத்தரா ஓய்வு பெற்றுப் போனாங்க. புதுசா யாரையும் போடல. அமைப்பு அசைஞ்சுதா? அசையல. அதே பதினாறு மேசை. எந்த மேசையில வேணா விரல வெச்சுப் பாருங்க, ஒரு தூசி இருக்காது."

அவள் பக்கத்து மேசையில் விரலை வைத்துப் பார்த்தாள். தூசி இல்லை.

"காலைல நான்தான் துடைப்பேன்" என்றார் அவர், கொஞ்சம் குரல் இறங்கி. உடனே துணை இயக்குநராகிவிட்டார். "படிவம் நீ-ஏழு. நாற்பத்தெட்டுக் கட்டம். ஒண்ணு காலியா இருந்தாலும் சான்று கிடையாது. எழுத்தர்கிட்ட வாங்கிக்குங்க."

எழுத்தர் வந்து கொடுத்தார்.

படிவத்தை முதலில் அவள் ரசித்தாள் என்றுகூடச் சொல்லலாம். நிறுவன அமைப்பு வரைபடத்தில் எட்டுப் பெட்டி போட்டு எட்டிலும் தன் பெயரை எழுதினாள். தன் பெயரை இத்தனை தடவை எழுதி எவ்வளவோ காலமாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் தண்டனையாக எழுதியதுதான் கடைசி. வாராந்திரப் பணியாளர் கூட்டத்தைத் திங்கட்கிழமை காலையில் நடத்தினாள். குறிப்பேட்டில், 'தலைவர் குறித்த நேரத்தில் வந்தார். உறுப்பினர்கள் அனைவரும் வந்திருந்தனர். ஐந்தாம் நம்பர் ரன்னர் தீர்ந்துவருவதாக ஓர் உறுப்பினர் தெரிவித்தார். தலைவர் தமக்கு அது தெரியும் என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுதினாள்.

தீப்பாதுகாப்பு ஒத்திகைக்கு ஒருவர் எச்சரிக்கை செய்ய வேண்டும், மற்றவர்கள் ஒழுங்காக வெளியேற வேண்டும் என்றிருந்தது. முக்காலியில் உட்கார்ந்து 'தீ, தீ' என்று சத்தம் போட்டாள். பிறகு மற்றவர்களாகி எழுந்து ஓடினாள். ஏழாவது படி மறந்துபோயிற்று. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது அடுத்த கடை ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, பல்லியா?"

"இல்ல தம்பி. தீ."

"ஓ" என்றார் ஜெராக்ஸ்காரர். "அந்தக் கத்தரிக்கோலக் கொஞ்சம் குடுங்க."

கட்டம் முப்பத்திரண்டில் பணியாளர் மனநிறைவுக் கருத்தறிதல். இது தனித்தாளில் இருந்தது, ஒட்டுவதற்குத் தனி உறையோடு. மேலே தடித்த எழுத்தில், 'தாங்கள் தரும் பதில்கள் தங்கள் நிர்வாகத்துக்கு ஒருபோதும் தெரிவிக்கப்படமாட்டா. அச்சமின்றி எழுதுக' என்று போட்டிருந்தது.

அச்சமின்றி எழுது என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நிர்வாகம் பார்த்துவிடக் கூடாதே.

'பணியிடத்தில் உங்களிடம் நலம் விசாரிப்பவர் யார்?' என்றது முதல் கேள்வி. 'பையைத்தான் விசாரிப்பார்கள்' என்று எழுதினாள்.

'உங்கள் பணி கடைசியாக எப்போது பாராட்டப்பட்டது?' 'இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் அம்மா ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். பையைச் சொன்னாரா, தைத்ததைச் சொன்னாரா என்று தெரியவில்லை.'

'பணியை விட்டு விலக நினைத்ததுண்டா?' 'மழை நாளில்.'

'விலகாதிருப்பதன் காரணம்?'

இதற்கு மட்டும் ரொம்ப நேரம் பிடித்தது. ஒரு டிராவல் பேக்கை முடித்துவிட்டு வந்து எழுதினாள். 'ரன்னர் சரியாக ஏறிவிட்டால் ஒரு சத்தம் வரும்.'

உறையை ஒட்டி, அவளே மறுபடி பிரித்துப் பார்க்காமல் இருக்க, அன்றைக்கே தபாலில் சேர்த்தாள்.

எட்டாம் நாள் பதில் வந்தது. நிர்வாகத்துக்கு. இந்த முறை அவள் திருப்பி அனுப்பவில்லை. 'தங்கள் நிறுவனப் பணியாளர்களில் நூறு சதவீதத்தினர் தனிமையாக உணர்கின்றனர். நூறு சதவீதத்தினர் பணி விலகலைப் பரிசீலித்துள்ளனர். நிர்வாகத்தின் அலட்சியத்தை வாரியம் கவலையுடன் நோக்குகிறது. மேற்படி கருத்துகளைத் தெரிவித்த பணியாளர் யார் என்று கண்டறிய நிர்வாகம் முயலக் கூடாது. கண்டறிந்தால் பழிவாங்கக் கூடாது.'

படித்துவிட்டு நிர்வாகம் முக்காலியில் இருந்தபடியே சுவரில் சாய்ந்தது. பழிவாங்கும் எண்ணமெல்லாம் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த ஒரு வாரத்தில் நாற்பத்தேழு கட்டங்கள் நிரம்பிவிட்டன. மீதி ஒன்று, நாற்பத்தொன்று. 'உரிமையாளர் ஒருநாள் தகவலின்றிப் பணிக்கு வராவிட்டால், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அதை முதலில் கவனிப்பவரின் பெயர், அவருடைய கையொப்பம்.'

எளிமையான கேள்விதான். பேனாவை வைத்தாள். எடுத்தாள். மேலே யாரோ ஏறும் செருப்புச் சத்தம் கேட்டது. பல் டாக்டரின் நர்ஸ். நர்ஸ் எப்போது வருகிறாள், எப்போது போகிறாள், எந்தக் காலை லேசாக இழுத்து நடக்கிறாள் எல்லாம் இவளுக்குத் தெரியும். கீழே உட்கார்ந்திருப்பவளின் சத்தம் மேலே போகிறவர்களுக்குக் கேட்குமா என்று அவள் இதுவரைக்கும் யோசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போன் செய்தாள். வெளியூரில் இருக்கிறாள். இரண்டு பேத்திகள். ஞாயிறுதோறும் தவறாமல் பேசுவாள்.

"இதுக்கு எதுக்குக்கா மண்டைய உடைக்கற? என் பேர எழுது."

"இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள தெரியணுமாம். நீ ஞாயித்துக்கிழமைதான போன் பண்ற."

"ஆமா."

"திங்கக்கிழமை நான் விழுந்துட்டேன்னு வெச்சுக்கோ."

"ஏன்க்கா இப்படிப் பேசற!"

"சும்மா கணக்குக்குத்தான்டி. ஞாயித்துக்கிழமை விழுந்தா பிரச்சினையே இல்ல."

தங்கச்சி அழ ஆரம்பித்தாள். ஜிப்பக்கா அவளைச் சமாதானம் செய்தாள். அழுகைக்கு நடுவில் பேத்தி ஏதோ உடைக்கும் சத்தம் கேட்டது. அத்தோடு அந்த வாரப் பேச்சு முடிந்தது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஏதோ ஒரு பெயரை எழுதித் தந்திருப்பார்கள். ஜிப்பக்காவுக்கு ஒரு ஜிப்பை இருபது தடவை இழுத்துப் பார்க்காமல் கொடுக்கிற வழக்கமில்லை. அதனால் புதன்கிழமை கடையைத் திறக்காமல், எதிரே பஸ் நிறுத்தத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முகத்தை மறைக்க ஒரு துணி, கையில் சாப்பாட்டு டப்பா. யார் கவனிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டால், அவரிடம் கையெழுத்து வாங்கிவிடலாம்.

ஒன்பதரை. வழக்கமாகத் திறக்கும் நேரம். ஒன்றும் நடக்கவில்லை. உலகம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பத்தேகாலுக்கு ஜெராக்ஸ்காரர் வந்து ஷட்டரைப் பார்த்தார். அவள் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தாள். அவர் கையிலிருந்த காகிதக் கட்டை வாயால் கடித்துப் பிரித்துக்கொண்டே தன் கடைக்குள் போய்விட்டார். ஒருவர் சூட்கேஸோடு வந்து நின்றார், ஷட்டரை ஓர் உதை உதைத்தார், போனார். நர்ஸ் மேலே ஏறினாள். தபால்காரர் எதையோ ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டு சைக்கிளை மிதித்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு கல்லூரிப் பெண் பையைத் திறக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. இடுப்பிலிருந்த குறடை எடுத்து இரண்டு அழுத்து அழுத்திக் கொடுத்தாள்.

"அட! நீங்க கடை வெச்சிருக்கீங்களா?" என்றாள் பெண்.

"இன்னிக்கு லீவு" என்றாள் ஜிப்பக்கா.

மூன்று மணிக்கு அந்த ஒல்லி மனிதர் வந்தார், ஊக்கு குத்திய பையோடு. ஷட்டரைத் தட்டினார். நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, முழங்கால் தரையில் படக் குனிந்து, ஷட்டருக்கும் தரைக்கும் நடுவிலிருந்த நாலு விரல் இடைவெளியில் ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்த்தார்.

எதிர்ப்பக்கத்தில் ஜிப்பக்கா டப்பாவை மூடினாள். திறந்தாள். மூடினாள்.

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஜெராக்ஸ்காரரிடம் ஏதோ கேட்டார். ஷட்டரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். இவள் சாலையைக் கடந்து போய்ப் படித்தாள். 'ஆய்வு நாளன்று பணியாளர்கள் அனைவரும் பணிக்கு வரவில்லை. முந்தைய கருத்தறிதலின் பின்னணியில் இது வேலைநிறுத்தம் எனக் கருதப்படுகிறது. நிர்வாகமும் தொழிலாளர் தரப்பும் வெள்ளிக்கிழமை காலை முத்தரப்புப் பேச்சுவார்த்தைக்கு வருக.'

"அக்கா, எங்க போனீங்க?" என்றார் ஜெராக்ஸ்காரர் மறுநாள். "நேத்து கத்தரிக்கோல் இல்லாம செம அவஸ்தை."

"அந்த சார் என்ன கேட்டார் தம்பி?"

"உடம்பு சரியில்லையான்னு கேட்டார். தெரியலன்னேன். ஏன் தெரியாதுன்னு சண்டைக்கு வந்துட்டாருக்கா. அதுக்கெல்லாம் தனியாக் கட்டம் வெச்சிருக்காங்க போல."

வெள்ளிக்கிழமை பேச்சுவார்த்தைக்கு ஆறு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் எழுத்தர், மேற்பார்வையாளர், துணை இயக்குநர். எதிரே நிர்வாகத்துக்கு ஒன்று, தொழிலாளருக்கு ஒன்று, பார்வையாளருக்கு ஒன்று. அவர் மேற்பார்வையாளரின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பார்வையாளர் நாற்காலியில் உட்காரப் போனாள்.

"அது காலியா இருக்கணும்மா. முதல்ல தொழிலாளர் தரப்பு."

நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க கோரிக்கை என்ன? பயப்படாம சொல்லுங்க. நிர்வாகம் இருக்கேன்னு பாக்காதீங்க."

அவள் பக்கத்திலிருந்த காலி நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்துக் கோரிக்கைகளைத் தேடிப் பார்த்தால் ஒன்றுதான் கைக்குக் கிடைத்தது.

"பெருசா ஒண்ணுமில்ல சார். காலைல வந்தாச்சான்னு யாராவது ஒருத்தர் கேக்கணும். தினமும். அவ்வளவுதான்."

எழுத்தர் நாற்காலிக்குப் போய் அதைக் குறித்துக்கொண்டு திரும்பி வந்தார். "நிர்வாகத் தரப்பின் பதில்?"

அவள் அடுத்த நாற்காலிக்கு மாறினாள். "கோரிக்கை நியாயமானதுதான் சார். ஆனா நிர்வாகத்தால முடியாது."

"காரணம்?"

"நிர்வாகத்தையும் கேக்கறதுக்கு ஆள் இல்ல."

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"நாற்பத்தொண்ணுல யாரை எழுதியிருக்கீங்க?"

"காலியாத்தான் இருக்கு சார். தங்கச்சி ஞாயித்துக்கிழமைதான் கூப்பிடுவா."

"ஆறு நாள் இடைவெளி. விதியில இடமில்ல. பக்கத்துக் கடைக்காரர்?"

"அவர் கவனிச்சது கத்தரிக்கோல."

"அதுவும் சரிதான்."

"சார், புதன்கிழமை எதிர்த்தாப்பல உக்காந்து நாள் பூரா பாத்தேன். குனிஞ்சு பாத்தது நீங்க ஒருத்தர்தான். உங்க பேரையே எழுதிக்கட்டுமா?"

அவர் திடுக்கிட்டு எழுத்தர் நாற்காலிக்கு மாறினார். பயந்தால் அங்கே போய்விடுவார் என்று தெரிந்தது. "வாரிய ஊழியர் பேர எழுத விதியில இடமில்லம்மா. எங்க வேலை கட்டம் நிரம்பியிருக்கான்னு பாக்கறது. நாங்களே கட்டத்துக்குள்ள போயிட்டா வெளியில நின்னு யாரு பாக்கறது?" பிறகு மேற்பார்வையாளராகி, "ஆனா விதி எண் பதினொண்ணுல, தகுந்த சூழ்நிலையில துணை இயக்குநர் விலக்கு அளிக்கலாம்னு இருக்கு" என்று எழுத்தரின் காலி நாற்காலியைப் பார்த்துக் கடிந்துகொண்டார். துணை இயக்குநரின் நாற்காலிக்குப் போனார். எழுத்தர் மறுபடி ஆட்சேபித்தார். துணை இயக்குநர் மேசையைத் தட்டினார். மூன்று நாற்காலிக்கும் நடுவில் அவர் நடந்த நடையில் நெற்றி வேர்த்துவிட்டது.

"அந்தப் பையக் குடுங்க சார்" என்றாள் அவள், தாங்கமாட்டாமல். "ரெண்டு நிமிஷ வேலை."

"அலுவலகச் சொத்தும்மா. வெளியாள் தொடணும்னா மூணு பேர்கிட்ட ஒப்பந்தப்புள்ளி வாங்கணும்."

கடைசியில் உத்தரவு வந்தது. கட்டம் நாற்பத்தொன்றில் வாரியம். ஓராண்டுச் சான்று. ஒரு நிபந்தனை: தினமும் காலை ஒன்பதரைக்குக் கடை திறந்ததை அலுவலகத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும்.

சான்றை வாங்கிக்கொண்டு எழுந்தபோது அவள் கேட்டாள். "சார், உங்க ஆபீசுக்கும் இந்தப் படிவம் உண்டா?"

"எல்லா அலுவலகத்துக்கும் உண்டு."

"நாற்பத்தொண்ணுல என்ன எழுதியிருக்கீங்க?"

"அது பரிசீலனையில இருக்கு" என்றார் துணை இயக்குநர். "ஆறு வருஷமா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒன்பதரைக்கு இது நடந்தது. "கடை திறந்தாச்சு சார்." "பதிவு பண்ணியாச்சு." அவ்வளவுதான் பேச்சு. கூடுதலாக ஒரு வார்த்தை பேச நிபந்தனையில் இடமில்லை. ஆனால் அந்தக் குரலில் சளி பிடித்திருப்பதும், மழை நாளில் அவர் தாமதமாக வந்து மூச்சிரைப்பதும் அவளுக்குத் தெரிந்தது. அவர் எடுப்பதற்கு முன் இரண்டு மணி அடிக்கும். மூன்றாவது மணி அடித்ததே இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது மணி அடித்தது. நாலாவது அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மறுபடி அடித்தாள். வாடிக்கையாளர் ஒருவர் பையை நீட்டிக்கொண்டு நின்றார். "இந்த ஜிப்பு..." என்றார்.

"நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். தலை இடித்தது. கத்தரிக்கோலை ஜெராக்ஸ்காரர் மேசையில் வைத்தாள். ஷட்டரை இழுத்து மூடினாள். பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தாள். வழியெல்லாம் மூன்று மாடியும் பதினாறு மேசையும் கண்முன் வந்துகொண்டிருந்தன. எந்த மேசைக்குக் கீழே விழுந்து கிடக்கிறாரோ. எழுத்தராக விழுந்தாரோ, துணை இயக்குநராக விழுந்தாரோ. யாராக விழுந்தாலும் பக்கத்து மேசைக்காரர் கவனிக்கப்போவதில்லை.

நடைபாலத்தின் பாதியில் எதிரே ஓர் ஒல்லி உருவம் அரை ஓட்டமாக வந்தது. தோளில் ஊக்கு குத்திய பை.

இருவரும் நின்றார்கள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"கடை மூடியிருக்கா?" என்றார் அவர். "ஒன்பதரைக்குத் தகவல் இல்ல. நிபந்தனை மீறல்."

"நான் அடிச்சேன் சார். நீங்கதான் எடுக்கல."

"அடிக்கவே இல்லையே."

"முப்பது தடவை அடிச்சிருப்பேன்!"

அவர் யோசித்தார். "போன் பழுதா இருக்கும். போன வாரமே கரகரன்னு ஒரு சத்தம். எழுத்தர் புகார் எழுதி வெச்சார். துணை இயக்குநர் கையெழுத்துப் போடல."

"ஏன்?"

"எழுத்தர் மேல அவருக்கு நம்பிக்கை இல்ல."

கீழே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் பையிலிருந்து குறிப்பேட்டை எடுக்க, ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பேனாவைத் திறந்துகொண்டு, "நான் வரலன்னு எத்தனை மணிக்குக் கவனிச்சீங்க?" என்று கேட்டார்.

"ஒன்பது முப்பத்தொண்ணு."

"நான் ஒன்பது முப்பது" என்றார். அவர் முகத்தில் ஒரு வெற்றிக் களை வந்துபோயிற்று. அவள் சொன்னதையும் எழுதிக்கொண்டார். எழுதிய இடத்தை மறுபடி படித்துப் பார்த்தார்.

"ஒப்பந்தப்புள்ளி ஒண்ணு போதுமா சார்?" என்று அவள் கையை நீட்டினாள். அவர் பையைக் கொடுத்தார். பாலத்தின் கைப்பிடியில் அதைச் சாய்த்து, குறடால் இரண்டு பக்கமும் மெல்ல அழுத்தி, ரன்னரை இழுத்தாள். ஏறியது. வண்டிச் சத்தத்தில் அந்தச் சத்தம் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"போய்க் கடையத் திறங்க" என்றார். "திறந்துட்டுத் தகவல் சொல்லுங்க."

"போன்தான் செத்துக்கிடக்கே."

அதற்கும் ஏதாவது விதி இருக்கிறதா என்று அவர் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு அவளோடு கடைப்பக்கமாகவே நடந்தார். அலுவலகம் மூடிக் கிடந்தது. அது நகரத்தில் யாருக்கும் தெரியாது, இவளைத் தவிர.

ஷட்டரை மேலே தள்ளினாள். உள்ளே போய்த் தலையைக் குனிந்து முக்காலியில் உட்கார்ந்தாள். அவர் வெளியே நின்றார்.

"கடை திறந்தாச்சு சார்" என்றாள்.

"பதிவு பண்ணியாச்சு" என்றார் அவர். போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார். புதிதாக ஏறிய ஜிப்பைத் திறந்தார், மூடினார். கடைசியில், நீ-ஏழின் நாற்பத்தெட்டுக் கட்டங்களில் எதிலும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"தலையில அடிபட்டிருக்கே. வலிக்குதா?"